அபசாரம் எது?

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில், கூட்டம் நெருக்கியடிக்கும் நாளில் அத்திகிரியின் 24 படிகளில் ஏறியிருக்கிறீர்களா? யார் கையிலிருந்தோ பிரசாதம் நழுவி விழும். யார் காலாவது அதன்மேல் படும். உடனே, 'அபசாரம்... அபசாரம்!' என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார் ஒரு மூதாட்டி. நமக்கும் கை தானாகக் கன்னத்துக்குப் போகும்.

இந்தச் சொல்லின் பொருள்தான் என்ன?

'சர' என்ற வடமொழி வேருக்கு நடத்தல் என்று பொருள். அதன் முன்னால் 'உப' சேர்ந்தால் உபசாரம். அதாவது, அருகே சென்று பணிவிடை செய்வது. பெருமாளுக்குத் தீபம் காட்டுவதும் உபசாரம். வீட்டுக்கு வந்தவருக்குச் செம்பில் தண்ணீர் தருவதும் உபசாரம். 'அப' சேர்ந்தால் அபசாரம். முறையை விட்டு விலகி நடப்பது. ஆயுர்வேதத்தில், பத்தியம் மீறுவதைக்கூட அபசாரம் என்பார்கள். (பலர் 'அபச்சாரம்' என்று எழுதுகிறார்கள். நடுவில் 'ச்' வேண்டாம். 'அபிசாரம்' என்பதோ வேறு சங்கதி... பில்லி சூனியம்!)

கால் பட்டாலே அபசாரம் என்று பதறுகிறோம். ஆனால், இதே காஞ்சியில் குழித்தறியில் அமர்ந்து, காலால் மிதித்து மிதித்துத்தானே பட்டு நெய்கிறார் நெசவாளி? அந்தப் பட்டைத்தானே சுவாமிக்குச் சாத்தி மகிழ்கிறோம்!

அப்படியானால், பெரியவர்கள் எதை அபசாரம் என்றார்கள்? காஞ்சி வரதரின் அம்சமாகவே போற்றப்படும் பிள்ளை லோகாசார்யர், 'ஸ்ரீவசன பூஷணம்' நூலில் இதை வகைப்படுத்துகிறார். பகவானை அவமதிப்பது பகவத் அபசாரம். அடியார்களை அவமதிப்பது பாகவத அபசாரம். இது முன்னதைவிடக் கொடியது. காரணமே இல்லாமல் பகவானையும் அடியார்களையும் வெறுப்பதும், ஆசார்யனை அவமதிப்பதும் அஸஹ்யாபசாரம். இதைவிடப் பெரிய குற்றம் இல்லை. சரி, அடியாரை அவமதிப்பது எப்படி நேரும்? ஓர் அடியாரின் பிறப்பை ஆராய்வதும் பாகவத அபசாரமே என்கிறார் அவர்!

காஞ்சியிலேயே இதற்கு ஒரு சம்பவம் உண்டு. வரதருக்கு ஆலவட்டம் வீசும் கைங்கர்யம் செய்தவர் திருக்கச்சி நம்பிகள். வைசிய குலத்தவர். அவர் உண்ட மிச்சத்தை உண்ணவேண்டும் என்று ஆசைப்பட்டார் ஸ்ரீராமாநுஜர். தம் இல்லத்துக்கு அமுது செய்ய அழைத்தார். சமையல் ஆனதும், நம்பிகளை அழைத்துவர ஒரு தெரு வழியாக ராமாநுஜர் போக, நம்பிகளோ வேறொரு தெரு வழியாக வந்துவிட்டார். கைங்கர்யத்துக்கு நேரமாகிறது என்று சொல்லி, சாப்பிட்டுவிட்டுக் கிளம்பியும் விட்டார். ராமாநுஜரின் மனைவி தஞ்சமாம்பாள் என்ன செய்தார் தெரியுமா? இலையைக் கோலால் தள்ளி எறிந்தார். சாணமிட்டு மெழுகினார். குளித்துவிட்டு, கணவருக்குப் புதிதாகச் சமைத்தார். திரும்பி வந்த ராமாநுஜர் துடித்துப்போனார் என்கின்றன குரு பரம்பரை நூல்கள்.

தஞ்சமாம்பாளை மட்டும் குறை சொல்ல மனம் வரவில்லை. பிறந்த வீட்டில் கற்றதைத்தான் அவர் செய்தார். அதற்குப் பெயர் ஆசாரம். அதே 'சர' வேரில் முளைத்த சொல்! மெழுகிய தரையில் ஒரு குறையும் இருந்திருக்காது. ஆனால், அந்த ஆசாரமே அன்று அபசாரம் ஆயிற்று. இன்றும், 'இவர் யார், எந்தத் தெரு?' என்று கேட்டுவிட்டு அதற்கேற்பத் தீர்த்தச் செம்பைத் தள்ளி வைப்பவர்கள் இருக்கிறார்கள். கேட்டால், ஆசாரம் என்பார்கள்.

இதற்குப் பரிகாரம்? அம்பரீஷ மன்னரிடம் அபசாரப்பட்ட துர்வாசர், சக்கரத்துக்குப் பயந்து மகாவிஷ்ணுவின் காலிலேயே போய் விழுந்தார். 'என்னால் ஆகாது, அம்பரீஷனிடமே போ' என்று அனுப்பிவிட்டார் பெருமாள். பிரசாதத்தில் கால் பட்டால் கன்னத்தில் போட்டுக்கொள்ளலாம். மனிதரை அவமதித்தால், அவர் வீட்டு வாசலுக்குத்தான் போகவேண்டும்.

திருக்கச்சி நம்பிகள் அவதரித்த தலம் பூவிருந்தவல்லி. அங்குள்ள வரதராஜப் பெருமாள் கோயிலில் அவருக்குச் சந்நிதி உண்டு. காஞ்சியிலிருந்து சென்னைக்குத் திரும்பும் வழிதான். ஒரு நடை இறங்கிச் சேவித்துவிட்டு வாருங்கள்.