நடத்தைவாத நோக்கில் திண்ணைப்பள்ளிக் கற்றல்

முன்னுரை

அனுபவத்தால் நடத்தையில் நிகழும் ஓரளவு நிலையான மாற்றமே கற்றல் என்பது நடத்தைவாத உளவியலின் அடிப்படைக் கருத்து. ஒரு செயல் மீண்டும் நிகழ்வதை அதன் விளைவே தீர்மானிக்கிறது என்பதைத் தார்ண்டைக் 'விளைவு விதி'யாக வகுத்தார். ஸ்கின்னர் 1938-இல் அதனைச் செயல்படு ஆக்கநிலையுறுத்தலாக விரித்தார். இக்கோட்பாடு திண்ணைப்பள்ளிக் கற்றலில் எதனை விளக்குகிறது, எதனை விளக்காது விடுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

வருகையும் வலுவூட்டலும்

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் நாட்டுக் கல்வியின் நிலை குறித்து மாவட்ட ஆட்சியர்களிடம் விவரம் கோரினார். அதற்குப் பெல்லாரி ஆட்சியர் ஏ.டி. காம்பெல் 1823-இல் அளித்த அறிக்கை, அப்பகுதிப் பள்ளிகளின் காலை நடைமுறை ஒன்றைப் பதிவு செய்கிறது. முதலில் வரும் மாணவனின் உள்ளங்கையில் கலைமகள் பெயர் எழுதப்பட்டது. இரண்டாமவன் கையில் பூச்சியம் இடப்பட்டது. மூன்றாமவன் மெல்லிய ஓர் அடியும் நான்காமவன் இரண்டு அடிகளும் பெற்றனர். பின்வந்தோர்க்கு ஒவ்வோர் அடியாகக் கூடியது. தமிழகத் திண்ணைப்பள்ளிகளிலும் முதலில் வருபவன் 'வேத்தான்' எனப்பட்டதை உ.வே. சாமிநாதையர் 'என் சரித்திர'த்தில் குறிப்பிடுகிறார்.

பெல்லாரி நடைமுறையில் கலைமகள் பெயர் நேர்மறை வலுவூட்டி, பூச்சியம் நடுநிலை, அடி தண்டனை. அடிக்கு அஞ்சி விடியுமுன் எழுவது தவிர்ப்புக் கற்றல். எனினும் இங்கு அளவுகோல் காலமன்று, வரிசையே. அனைவரும் விடியுமுன் வந்தாலும் இருவரே அடிக்குத் தப்புவர். நேற்றைவிட முன்னதாக வந்தவனும் நேற்றைய அடிகளையே பெறக்கூடும். விளைவு தன் முயற்சியைச் சாராதபோது வலுவூட்டல் தளர்கிறது. பள்ளியே அச்சத்தின் தூண்டலாகிறது. தண்டனை நடத்தையைத் தற்காலிகமாக அடக்குமேயன்றி அகற்றாது என்பது ஸ்கின்னரின் கருத்துமாகும்.

மனப்பாடமும் பொருளுணர்வும்

மாணவர் எண்ணற்ற செய்யுட்களைப் பொருளறியாது கிளிபோல் ஒப்பித்ததையும் காம்பெல் சுட்டுகிறார். ஒப்பித்தலைத் தூண்டல்-துலங்கல் தொடர் விளக்கவல்லது. ஆத்திசூடியின் அகரவரிசையில் ஓரெழுத்து அடுத்த அடியை நினைவூட்டும் தூண்டலாகிறது. எதுகையும் மோனையும் அவ்வாறே துணைபுரிகின்றன. பொருளுணர்வு இவ்விளக்கத்தில் அடங்குவதில்லை. ஸ்கின்னர் 1957-இல் மொழியையும் நடத்தையாகவே விளக்கியபோது, கேட்டறியாத புதிய தொடர்களையும் மனிதர் ஆக்குவதை இக்கோட்பாடு விளக்கவில்லை எனச் சாம்ஸ்கி 1959-இல் மறுத்தார். நன்னூலின் பொதுப்பாயிரமோ பன்முறை கேட்டலோடு வினாதலையும் விடையிறுத்தலையும் மாணாக்கர்க்கு உரியனவாக்குகிறது. பயிற்சியும் உணர்வும் அங்கு ஒருங்கே இடம்பெறுகின்றன.

முடிவுரை

வருகையையும் மனப்பாடத்தையும் நடத்தைவாதம் தெளிவாக விளக்குகிறது. பொருளுணர்வை விளக்க அது போதாது. கல்வி உரிமைச் சட்டம், 2009-இன் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத்துன்புறுத்தலையும் தடை செய்கிறது. பொதுத்தேர்வுத் தரவரிசை வெளியிடுவதைத் தமிழக அரசு 2017-இல் கைவிட்டது. முன்னது பிரம்பையும் பின்னது வரிசையையும் விலக்கின. மாணவனை அவனது முந்தைய நிலையோடு ஒப்பிட்டு ஊக்குவிப்பதே வலுவூட்டல் கோட்பாட்டின் முறையான பயன்பாடு என்பது இவ்வாய்வின் முடிபு.