டிஷ்வாஷர் பாத்திரத்தில் வெள்ளைப் படலமா? ஸ்க்ரப்பரைக் கீழே வை!

டம்ளரெல்லாம் சாம்பல் பூசின மாதிரி வருதுன்னு புலம்பறியே, மெஷினைத் திட்டறதுக்கு முன்னாடி அந்த வெள்ளை என்னன்னு பாரு. எல்லா வெள்ளையும் ஒண்ணில்ல. தெரியாம தேய்ச்சா கண்ணாடியில கீறல் விழறதுதான் மிச்சம்.

பஞ்சுல கொஞ்சம் வினிகர் தொட்டு, டம்ளரோட ஒரு பக்கம் மட்டும் தடவு. ரெண்டு நிமிஷம் கழிச்சு அலசு. தடவின இடம் மட்டும் பளிச்சுன்னு ஆச்சுன்னா அது உப்புக்கறை. தண்ணியில இருக்கற கால்சியமும் மெக்னீசியமும் சூடு பட்டதும் படிஞ்சிடுது. கீசர் காயில்ல கட்டி தட்டறதும் இதேதான். குடிநீருக்கான இந்தியத் தரத்துல கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேற தண்ணியே இல்லேன்னா 600 வரைக்கும் போகலாம். நம்ம ஊர் போர் தண்ணி பல இடத்துல 200-ஐ சர்வசாதாரணமா தாண்டிடும்.

இதுக்காக மெஷினுக்கு ஆர்.ஓ. தண்ணி எல்லாம் வேணாம். உள்ளே அடியில ஒரு உப்புத் தொட்டி இருக்கு பாரு, அது இதுக்காகத்தான். அந்த உப்பு பாத்திரத்தைக் கழுவறதில்ல. தண்ணியை மென்மையாக்கற ரெசினுக்கு மறுபடி உயிர் கொடுக்குது. டிஷ்வாஷர் உப்புன்னு கேட்டு வாங்கு. சமையல் தூள் உப்பைக் கொட்டினா அடைச்சுக்கும். உப்பு போட்ட உடனே ஒரு வாஷ் ஓட்டிடு. சிந்தின உப்பு அப்படியே கிடந்தா உள்ளே துரு பிடிக்கும். மூடியை இறுக்கமா மூடு, இல்லேன்னா உப்பு கசிஞ்சு அதுவே வெள்ளையா படியும். அது வெறும் தண்ணியிலயே கரைஞ்சு போயிடும்.

உப்பு போட்டாச்சு, இன்னும் வெள்ளையான்னு கேட்பே. முக்கால்வாசி வீட்டுல கோளாறு இங்கதான்: மெஷின்ல தண்ணியோட கடினத்தன்மைக்குன்னு ஒரு செட்டிங் இருக்கு, அதை யாரும் தொடறதேயில்ல. கம்பெனி வெச்ச அளவுலயே ஓடிட்டிருக்கும். டெஸ்ட் ஸ்ட்ரிப் வாங்கித் தண்ணியைப் பாரு, இல்லேன்னா அசோசியேஷன்ல வாட்டர் டெஸ்ட் ரிப்போர்ட் கேளு. டி.டி.எஸ். மீட்டர் காட்டற நம்பர் வேற, கடினத்தன்மை வேற. அதை வெச்சு செட் பண்ணாதே. ரின்ஸ் எய்டையும் காலியா விடாதே. எல்லாம் ஒண்ணுலயே இருக்குன்னு விக்கிற மாத்திரை, ரொம்பக் கடினமான தண்ணிக்குப் போதாது.

ஏற்கெனவே படிஞ்சதுக்கு எலுமிச்சை உப்பு, அதான் சிட்ரிக் ஆசிட். டிடர்ஜென்ட் போடாம, ரெண்டு மூணு ஸ்பூன் உள்ளே தூவி, கண்ணாடியும் எவர்சில்வரும் மட்டும் வெச்சு சூடான வாஷ் ஓட்டு. அடிக்கடி வேணாம், ரப்பர் கெட்டுடும். ப்ளீச்சோட மட்டும் கலக்கவே கலக்காதே, விஷவாயு வரும்.

வினிகருக்கும் அசையலையா? மாவாகவோ கஞ்சியாகவோ இருக்கலாம். மருந்து டப்பாவுல இருக்கற பெட்டாடைனை ஒரு சொட்டு அந்தப் படலத்து மேல விடு. பழுப்பு நிறம் கருநீலமாச்சுன்னா ஸ்டார்ச், சந்தேகமே வேணாம். இட்லி மாவுப் பாத்திரத்தைக் காயவிட்டு, அரை மணி நேர க்விக் வாஷ்ல போட்டா இப்படித்தான் ஆகும். மேனுவல் எழுதினவங்க நம்ம வீட்டு மாவுக் குண்டானைப் பார்த்திருக்க மாட்டாங்க! மாவை ஒரு தடவை அலசிட்டு வை, 65-70 டிகிரி புரோகிராம் போடு, டிடர்ஜென்ட்ல கஞ்சத்தனம் பண்ணாதே. பெரிய குண்டான் ஸ்ப்ரே கையைச் சுத்தவிடாம தடுக்குதான்னும் கையால சுத்திப் பாரு. பெட்டாடைன் விட்ட பாத்திரத்தை சோப்பு போட்டுக் கழுவ மறக்காதே.

ரெண்டுக்கும் போகாம, வெளிச்சத்துல லேசா வானவில் நிறம் அடிச்சா, கண்ணாடியே அரிச்சுப் போச்சு. தண்ணி ரொம்ப மென்மையா இருந்து, டிடர்ஜென்டும் சூடும் அதிகமானா இப்படி ஆகும். அது திரும்பாது. அலுமினிய இட்லித் தட்டு வெளுக்கறதும் கறுக்கறதும் வேற கதை. அலுமினியம், பித்தளை, ஈயச்சொம்பு எதையும் மெஷின்ல போடாதே.

இன்னிக்கு ராத்திரி பாத்திரம் அடுக்கறதுக்கு முன்னாடி மேனுவலை எடுத்து, அந்த செட்டிங் எத்தனைல நிக்குதுன்னு பார்த்துட்டு எனக்குச் சொல்லு.