கருத்துச் செறிந்த நூல்களைக் கற்கும் முறை

நூல்கள் அனைத்தையும் ஒரே விதமாகப் படித்தல் இயலாது. கதைநூல் ஒன்றை ஓரிரவில் படித்து முடிக்கலாம். கொள்கைகளை ஆராய்ந்து நிறுவும் நூல்களோ அத்தன்மையன அல்ல. அவற்றில் ஒவ்வொரு வாக்கியமும் முன்னதன்மேல் அடுக்கிய செங்கல் போன்றது. இடையில் ஒரு கல் தவறினும் மேற்சுவர் நில்லாது. ஆதலின், அவற்றைப் பயிலத் தனியொரு முறை வேண்டும். அம்முறையை அறிஞர் இருவர் வாழ்விலிருந்து அறிவோம்.

ஐசக் நியூட்டன் 1661ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்தார். அக்காலத்தில், பிரெஞ்சு அறிஞர் டெக்கார்ட் இயற்றிய வடிவகணித நூலைத் தாமே பயிலத் தொடங்கினார். இரண்டு மூன்று பக்கங்களுக்கு மேல் பொருள் விளங்கவில்லை. நூலை மூடிவைத்துவிட்டாரோ? இல்லை. மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார். இம்முறை மேலும் மூன்று நான்கு பக்கங்கள் விளங்கின. மற்றுமொரு தடை தோன்றவே, மறுபடியும் முதலுக்குத் திரும்பினார். இவ்வாறே, எவருடைய துணையுமின்றி அந்நூல் முழுவதையும் கற்றுத் தேர்ந்தார் என்பர்.

குறிப்பெழுதும் வகையிலும் நியூட்டன் நமக்கு வழிகாட்டியாவார். 1664ஆம் ஆண்டளவில் தம் குறிப்பேட்டில் காலம், இயக்கம், ஒளி, நிறம் முதலிய ஏறத்தாழ 45 தலைப்புகளை எழுதி, ஒவ்வொன்றின் கீழும் இடம் விட்டுவைத்தார். நூல்களிற் கண்டவற்றோடு, தம் உள்ளத்து எழுந்த வினாக்களையும் அவ்விடங்களில் வரைந்தார். நூலில் உள்ளதை அப்படியே பெயர்த்தெழுதினால் கை மட்டுமே உழைக்கும், கருத்து உழைக்காது. நூலை மூடிவைத்து, ஆசிரியர் கூற்று யாது, அதற்கு அவர் காட்டும் காரணம் யாது, நமக்கு எழும் ஐயம் யாது என்னும் மூன்றையும் நம் சொற்களால் எழுதுதல் வேண்டும். எழுத இயலாவிடின், அப்பகுதியை மீண்டும் பயில வேண்டும் என்பது தெளிவு.

உயிரினங்களின் தோற்றத்தைப் பற்றிய தம் புகழ்பெற்ற நூலை 1859இல் வெளியிட்ட சார்லஸ் டார்வின், விலைக்கு வாங்கிய நூல்களின் இறுதியில் தம் ஆராய்ச்சிக்கு வேண்டிய செய்திகளுக்கு அட்டவணை ஒன்று எழுதிவைப்பார். பிறருடைய நூலாயின், தனித்தாளில் சுருக்கம் எழுதிக்கொள்வார். புதிய பொருளொன்றை ஆராயத் தொடங்குமுன் அவ்வட்டவணைகளையெல்லாம் பார்வையிடுவார். இவற்றினும் சிறந்த விதி ஒன்றையும் அவர் பல்லாண்டு கைக்கொண்டார். தம் கொள்கைக்கு மாறான செய்தி கண்ணிற்பட்டால், அதனை உடனே தவறாது குறித்துக்கொள்வார். உடன்பாடான செய்தியினும் மாறான செய்தியே நினைவைவிட்டு விரைவில் நழுவும் என்பதை அவர் பட்டறிவால் உணர்ந்திருந்தார். அவருடைய கொள்கைக்குப் பின்னர் எழுந்த மறுப்புகளுள், அவர் முன்பே எண்ணிப் பாராதவை மிகச் சிலவே. அதற்கு இப்பழக்கமே காரணம் என அவரே எழுதியுள்ளார்.

மாணவர்களே! நூலகத்து நூல்களில் கோடிடுதல் தகாது. உங்களுக்கெனக் குறிப்பேடு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அருமையான பகுதி விளங்காதபோது மனந்தளராது மீண்டும் பயிலுங்கள். உவப்பானவற்றை மட்டும் குறித்துக்கொண்டால், முன்பு நினைத்ததையே மீண்டும் நினைப்போம். மாறானவற்றையும் மறவாது குறித்து ஆராய்ந்தால், உண்மையை அறிவோம்.