ஆரஞ்சுத் தோட்டங்களைக் காத்த இரு பூச்சிகள்

பூச்சி என்றவுடன் பயிரை அழிக்கும் பகை என்றே பலரும் எண்ணுவர். ஆயினும் பூச்சிகள் யாவும் பயிர்க்குப் பகையல்ல. அப்பகையை உண்டு வாழும் பூச்சிகளும் உள. அவை இருவகைப்படும். இரையைத் தேடிச் சென்று, ஒன்றன்பின் ஒன்றாகப் பலவற்றைத் தின்பன இரைவிழுங்கிகள். மற்றொரு பூச்சியின் உடலில் முட்டையிட, அம்முட்டையினின்று வரும் புழு அவ்வுடலையே உணவாகக் கொண்டு வளர்வது ஒட்டுண்ணிகளின் இயல்பு. முன்னவை வேட்டைப் புலியை ஒத்தவை. பின்னவை உள்ளிருந்தே அரிக்கும் கரையானை ஒத்தவை. இவ்விருவகையும் சேர்ந்து ஒரு மாநிலத்தின் பழத்தோட்டங்களைக் காத்த வரலாற்றைக் காண்போம்.

அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ளது கலிபோர்னியா. அங்கு 1868-ஆம் ஆண்டில் ஒரு புதிய செதிற்பூச்சி காணப்பட்டது. அதன் பெண்பூச்சி, வெண்பஞ்சு போன்ற பையொன்றில் நூற்றுக்கணக்கான முட்டைகளைச் சுமந்திருக்கும். அது ஆரஞ்சு மரங்களில் பற்றிச் சாற்றை உறிஞ்சியது, இலைகள் உதிர்ந்தன, கிளைகள் பட்டன. உழவர்கள் சோப்புக் கரைசலையும் மண்ணெண்ணெய்க் கலவையையும் தெளித்தனர், நச்சுப்புகையும் இட்டனர். பயன் சிறிதே. மனம் உடைந்த சிலர் தம் மரங்களை வேரோடு பெயர்த்து எரித்தனர்.

அந்நாட்டு வேளாண்மைத் துறையின் பூச்சியியல் அறிஞர் சார்லஸ் ரைலி, இப்பூச்சியின் பிறப்பிடம் ஆஸ்திரேலியா என்று தெளிந்தார். அங்கே அது பெருங்கேடு செய்யாமைக்குக் காரணம் யாது? அதனை அடக்கும் இயற்கைப் பகைகள் அங்கே இருந்தமையே. பூச்சி கடல் கடந்தது. அதன் பகைகள் உடன் வரவில்லை. ஆகவே அவற்றைக் கொணர, ஆல்பர்ட் கோபெல் என்பார் 1888-ஆம் ஆண்டு ஆகஸ்டில் கப்பலேறினார். அடிலெய்டு நகரினரான பிரேசர் கிராபோர்டு முன்னரே கண்டறிந்திருந்த சிறிய ஒட்டுண்ணி ஈயை அவர் ஆயிரக்கணக்கில் அனுப்பினார். அவ்வாண்டு அக்டோபரில் அந்நகரத் தோட்டமொன்றில், செஞ்சிறகில் கரும்புள்ளிகள் கொண்ட பொறிவண்டு ஒன்று அச்செதிற்பூச்சியைத் தின்னக் கண்டு, அதனையும் அனுப்பினார்.

1889-ஆம் ஆண்டு ஜனவரிக்குள் வந்து சேர்ந்த வண்டுகள் 129 மட்டுமே. லாஸ் ஏஞ்சல்சில் ஆரஞ்சு மரமொன்றின்மேல் கூடாரம் அமைத்து, அவற்றை அதனுள் விட்டனர். ஏப்ரலில் கூடாரம் திறக்கப்பட்டது. ஜூன் மாதத்திற்குள் பதினாயிரத்துக்கு மேற்பட்ட வண்டுகள் உழவர்க்கு வழங்கப்பெற்றன. அவ்வாண்டு முடியுமுன் செதிற்பூச்சியின் கொடுமை அடங்கியது.

வண்டின் புகழ் எங்கும் பரவியது. ஈயைப் பலர் மறந்தனர். ஈயின் புழுவைத் தாங்கிய செதிற்பூச்சியையும் வண்டு தின்றுவிடுமாதலால், இரண்டும் ஒன்றுக்கொன்று இடையூறாகும் என்று கருதலாம். நிகழ்ந்ததோ வேறு. வறண்ட உள்நாட்டில் வண்டு மேலோங்கியது. குளிர்ந்த கடற்கரைப் பகுதியில் ஈ மேலோங்கியது. ஒன்று தளர்ந்த இடத்தில் மற்றொன்று காவல் புரிந்தது. இருவகையையும் ஒருங்கே அமர்த்துவதன் நன்மை இதுவே.

இக்காவலும் ஒருமுறை குலைந்தது. 1940-களின் பிற்பகுதியில் டி.டி.டி. என்னும் நஞ்சைத் தோட்டங்களில் தெளித்தனர். அது வண்டுகளைக் கொன்றது. செதிற்பூச்சி மீண்டும் பெருகியது. நஞ்சைக் குறைத்து, வண்டுகளை மீண்டும் விட்ட பின்னரே தோட்டங்கள் தேறின.

இதே செதிற்பூச்சி 1928-ஆம் ஆண்டில் நம் நீலகிரியிலும் தோன்றியது. அதனை அடக்க இப்பொறிவண்டே இங்கும் வரவழைக்கப்பெற்றது.

முள்ளை முள்ளால் எடுப்பது அறிவுடைமை. ஆனால் எம்முள் எதற்கு உரியது என்பதை முதலில் அறிதல் வேண்டும். இவ்வண்டும் ஈயும் பயிரைத் தீண்டாமல், இச்செதிற்பூச்சியையும் அதன் இனத்தையுமே நாடுவன. அதனாலேயே அவை நம்பத்தக்க துணையாயின. வயலில் ஒரு பூச்சியைக் கண்டவுடன் நஞ்சைத் தேடாமல், அது பகையோ நட்போ என்று ஆராய்ந்து தெளிதல் உழவர் கடமையாகும்.