மெஷ் மட்டும் ஏன் மறுக்கிறது?

கேள்வி: சாலிட்வொர்க்ஸில் வரைந்த பம்ப் உறையை அன்சிஸில் திறந்தால் வடிவம் சரியாகத் தெரிகிறது. மெஷ் போட்டால் பிழை. எங்கே தேடுவது?

பதில்: திரையில் தெரிவதை நம்பாதீர்கள். கோப்பை ஐஜெஸ் வடிவத்தில் எடுத்திருந்தால் பாதி விடை அங்கேயே இருக்கிறது. அதில் பெரும்பாலும் தனித்தனிப் பரப்புகள்தான் வரும். அவற்றுக்கிடையிலான இடைவெளி டாலரன்ஸைத் தாண்டினால் தைத்துத் திடப்பொருளாக்க முடியாது. ஸ்டெப் கோப்பாக மறுபடி எடுங்கள்.

அப்படியும் மெஷ் நின்றால், அன்சிஸின் ஸ்பேஸ்கிளெய்மில் குட்டை விளிம்புகளையும் முடி போல மெலிந்த பரப்புகளையும் தேடச் சொல்லுங்கள். 5 மி.மீ. மெஷ் கேட்ட இடத்தில் 0.02 மி.மீ. விளிம்பு கிடந்தால் மெஷ்ஷர் திணறத்தான் செய்யும். ஃபில்லட்டுகள் சந்திக்கும் மூலைகளே வழக்கமான குற்றவாளிகள். பொறித்த கம்பெனிப் பெயரையும் தயங்காமல் நீக்கலாம் (அது எந்தச் சுமையையும் தாங்குவதில்லை).

ஒன்றில் மட்டும் கவனம். தகைவு அறிய வேண்டிய உள்மூலையில் ஃபில்லட்டை அழிக்காதீர்கள். கூர்மூலையில் மெஷ்ஷை நுணுக்க நுணுக்க, நேரியல் கணக்கில் தகைவு ஏறிக்கொண்டே போகும். எந்த எண்ணிலும் நிற்காது. அங்கே விளிம்புகளை மட்டும் வர்ச்சுவல் டோபாலஜியில் இணையுங்கள்.