ஒரு பெயர், பல ஞானசம்பந்தர்கள்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

சீர்காழியில் 7ஆம் நூற்றாண்டில் தோன்றிய திருஞானசம்பந்தரின் பெயரைத் தமிழகமும் ஈழமும் தம் பிள்ளைகளுக்கும் மடத்துத் தலைவர்களுக்கும் தலைமுறை தலைமுறையாக இட்டு வந்திருக்கின்றன. சைவ ஆசாரியர், ஆதீன முதல்வர், நாடகாசிரியர், இலக்கியத் திறனாய்வாளர், நாடாளுமன்ற எதிர்க்கட்சித் தலைவர் எனத் தொடர்பற்ற துறைகளில் சிறந்தோர் இப்பெயரையோ இதன் சுருக்கமான சம்பந்தன் என்பதையோ தாங்கியிருப்பது அதன் விளைவாகும். பெயர் ஒன்றாக இருப்பதால் ஒருவருடைய உழைப்பு இன்னொருவர் கணக்கில் ஏறிவிடுவது சிறு பிழை அன்று. ஒரு நூலைத் தவறான நூற்றாண்டில் வைத்துவிட்டால், அது எந்தக் காலத்துக் கேள்விக்கு விடையாக எழுதப்பட்டது என்பதும் மறைந்துபோகிறது.

நம்பிக்கை: ஞானசம்பந்தர் என்னும் பெயரோடு வழங்கும் சைவ நூல்கள் யாவும் தேவாரம் பாடியவர் இயற்றியவை.

உண்மை: தேவாரம் பாடிய சம்பந்தரின் பாடல்கள் பன்னிரு திருமுறைகளுள் முதல் மூன்றாகத் தொகுக்கப்பட்டவை, அவற்றில் 383 பதிகங்கள் உள்ளன. சுவடிகளில் இல்லாமல் கல்வெட்டிலிருந்து 1917இல் மீட்கப்பட்ட திருவிடைவாய்ப் பதிகத்தையும் சேர்த்தால் 384 ஆகும். இவை பண் அமைத்துப் பாடுவதற்கு உரிய இசைப்பாடல்கள் என்பதும், பதிகத்தின் நிறைவுப் பாடலாகிய திருக்கடைக்காப்பில் பாடியவர் தம் பெயரையும் ஊரையும் சொல்லி முடிப்பதே இவற்றின் பொது வழக்கம் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கவை.

சிவபோகசாரம், சொக்கநாத வெண்பா, முத்தி நிச்சயம் ஆகியவை வேறொருவருடையவை. இவற்றின் ஆசிரியர் 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்து, மயிலாடுதுறையை அடுத்த தருமபுரத்தில் ஆதீனத்தை நிறுவிய குருஞானசம்பந்தர். ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்த இவர் மதுரைச் சொக்கநாதரிடம் பேரன்பு பூண்டு, பின் திருவாரூரில் கமலை ஞானப்பிரகாசரிடம் உபதேசம் பெற்றார் என்பது ஆதீன மரபு. தேவாரச் சம்பந்தரும் மதுரைக்குச் சென்று ஆலவாய் இறைவனைப் பாடியவர் ஆதலால், சொக்கநாதர் பெயரைத் தாங்கிய ஒரு நூலை அவருக்கே உரியதாக எண்ணிவிடுவது எளிது. ஆயினும், பதி, பசு, பாசம் என்னும் இறை, உயிர், தளை ஆகிய மூன்றையும் 13ஆம் நூற்றாண்டு மெய்கண்டார் வகுத்த முறையில் நிறுத்தி, ஆன்மா விடுதலைக்கு ஏறும் படிநிலைகளை வெண்பா யாப்பில் அடுக்கிச் சொல்லும் அந்நூல்களின் நடையே, அவை அந்நூற்றாண்டுக்குப் பிந்திய சிந்தனையின் விளைவு என்பதைக் காட்டிவிடுகிறது. சீர்காழிச் சட்டைநாதர் கோயில் தருமபுர ஆதீனத்தின் நிருவாகத்தில் இருப்பதனால் இரண்டு சம்பந்தர்களின் நினைவும் ஒரே வளாகத்தில் கலந்து நிற்கிறது. அவர்களுக்கு இடையே கிடக்கும் ஏறக்குறைய 900 ஆண்டுகளைக் கண் காண்பதில்லை.

நம்பிக்கை: நால்வருள் ஒருவரான சம்பந்தரும் மறைஞான சம்பந்தரும் ஒருவரே.

உண்மை: சைவத்தில் நால்வர் குழு இரண்டு உண்டு. சம்பந்தர், திருநாவுக்கரசர், சுந்தரர், மாணிக்கவாசகர் ஆகியோர் சமயக் குரவர், அதாவது பாடல்களால் நெறியை வளர்த்த ஆசான்கள். மெய்கண்டார், அருணந்தி சிவாசாரியார், மறைஞான சம்பந்தர், உமாபதி சிவாசாரியார் ஆகியோர் சந்தானக் குரவர், அதாவது ஆசிரியர் மாணவர் என்னும் தொடர்ச்சியில் தத்துவத்தைக் கையளித்தவர்கள். உமாபதியார் தம் சங்கற்ப நிராகரணத்தில் சக ஆண்டு 1235ஐக் குறித்திருப்பதால், அது கி.பி. 1313இல் எழுந்தது என்று துணியலாம். அவருடைய ஆசிரியரான மறைஞான சம்பந்தர் 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்திருக்க வேண்டும். முதல் சம்பந்தரோ, சாளுக்கியரின் வாதாபியை 642இல் வென்ற பல்லவப் படையில் தளபதியாக இருந்தவர் என்று கருதப்படும் சிறுத்தொண்டருக்கு நண்பர்.

சிக்கல் இத்துடன் தீர்வதில்லை, ஏனெனில் மறைஞான சம்பந்தர்களும் இருவர். சிதம்பரத்தில் வாழ்ந்து, சிவதருமோத்தரம், கமலாலயப் புராணம், சைவ சமய நெறி ஆகியவற்றைத் தமிழுக்குத் தந்தவர் 16ஆம் நூற்றாண்டினர். அவருக்கும் உமாபதியாரின் ஆசிரியருக்கும் இடையே இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேற்பட்ட தொலைவு உண்டு. நூல் பல எழுதிய பின்னவரின் பெயர், சந்தானக் குரவர் என்ற சிறப்பினால் புகழ் பெற்ற முன்னவரின் பெயருக்குள் அடங்கிப் போவது பின்னவருக்குச் செய்யும் அநீதி. பேருழைப்பாளர் ஒருவரைத் தமிழுலகம் இன்னும் தனியே அறிந்து போற்ற வேண்டியுள்ளது.

நம்பிக்கை: சீகாழிக் கண்ணுடைய வள்ளல் திருஞானசம்பந்தரின் நேர் மாணவர்.

உண்மை: ஒழிவிலொடுக்கம் என்னும் ஞான நூலை இயற்றிய கண்ணுடைய வள்ளல் சீர்காழியைச் சேர்ந்தவர், சம்பந்தரைத் தம் குருவாகக் கொண்டவர் என்பவற்றில் ஐயமில்லை. திருப்போரூர்ச் சிதம்பர சுவாமிகள் உரை எழுதிய இந்நூலை வடலூர் இராமலிங்க அடிகள் 1851இல் பதிப்பித்தார் என்பதே இதன் பெருமைக்குப் போதிய சான்று. ஆனால் இந்நூல் மெய்கண்டாருக்குப் பிந்தியது என்பதே இலக்கிய வரலாற்றாசிரியர்கள் கொள்ளும் முடிவு. எனவே 7ஆம் நூற்றாண்டுச் சம்பந்தரிடம் இதன் ஆசிரியர் நேரில் பாடம் கேட்டிருக்க இயலாது. உள்ளத்தில் குருவாக வரித்துக்கொண்ட உறவைக் காலக்கணக்குள்ள மாணவ உறவாகப் படித்ததே பிழையின் வேர். அந்த உறவின் ஆழத்தை இத்திருத்தம் சிறிதும் குறைப்பதில்லை. பல நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் ஓர் ஊரில் ஒருவர் உயிருள்ள ஆசானாக நின்றார் என்பது நேர் மாணவ உறவைக் காட்டிலும் வியப்புக்குரியது.

நம்பிக்கை: புகலி ஞானசம்பந்தன், சண்பை ஞானசம்பந்தன், காழி ஞானசம்பந்தன் எனத் தேவாரத்தில் வருவோர் வெவ்வேறு ஊரினர்.

உண்மை: இங்கே குழப்பம் தலைகீழாகத் திரும்பிவிடுகிறது, ஆள் ஒருவரே, ஊரும் ஒன்றே, பெயர்கள்தாம் பல. பிரமபுரம், வேணுபுரம், புகலி, வெங்குரு, தோணிபுரம், பூந்தராய், சிரபுரம், புறவம், சண்பை, சீகாழி, கொச்சைவயம், கழுமலம் ஆகிய பன்னிரண்டும் இன்றைய சீர்காழியையே குறிக்கும். இவற்றை ஒரே பதிகத்தில் வரிசைப்படுத்திப் பாடியவரும் சம்பந்தரே. பிறந்த ஊருக்கென்றே அவர் பாடியவை 67 பதிகங்கள் என்பர். கடைக்காப்புகளில் சந்தத்திற்கும் எதுகைக்கும் ஏற்ப இப்பெயர்களுள் ஒன்றைத் தம் பெயருக்கு முன் வைத்தார், சில இடங்களில் கவுணியன் என்று தம் கோத்திரத்தையும் சுட்டினார். தேவாரத்திற்குக் கையில் எடுத்துப் பார்க்கத்தக்க சான்று சீர்காழியிலேயே 2023 ஏப்ரலில் கிடைத்தது: குடமுழுக்குக்கான யாகசாலைப் பணிக்காகச் சட்டைநாதர் கோயில் வளாகத்தில் மண் தோண்டியபோது, 20க்கும் மேற்பட்ட ஐம்பொன் திருமேனிகளோடு, தேவாரப் பாடல்கள் பொறித்த 400க்கும் மேற்பட்ட செப்பேடுகள் வெளிப்பட்டன. ஓலை அழியும் என்றறிந்து செம்பில் எழுதி மண்ணுக்குள் காத்தவர்களின் அக்கறை, பாடலோடு பாடியவர் பெயரையும் காத்தது.

நம்பிக்கை: ஒரே பெயருடையோர் ஒரே மரபினர் அல்லது ஒரே ஊரினர்.

உண்மை: மடங்களில் பெயர் என்பது பட்டத்தோடு வருவது. மதுரை ஆதீனம் தன்னைத் திருஞானசம்பந்தர் நிறுவியதாகச் சொல்லும் மரபுடையது. 2021இல் மறைந்த அதன் 292ஆம் சன்னிதானமாகிய அருணகிரிநாதரும் பட்டம் ஏற்றபோது ஞானசம்பந்த தேசிகர் ஆனார். இல்லறத்தில் பெயர் பக்தியால் இடப்படுவது. சுகுண விலாச சபையை 1891இல் தொடங்கித் தமிழ் மேடைக்கு மதிப்புத் தேடித் தந்த பம்மல் சம்பந்த முதலியார் (1873-1964) நீதிபதியாகவும் இருந்தவர். 1954இல் வெளிவந்த மனோகரா திரைப்படத்தின் மூலம் அவருடைய நாடகமே. திருகோணமலையின் இரா. சம்பந்தன் (1933-2024) இலங்கை நாடாளுமன்றத்தில் 2015 முதல் 2018 வரை எதிர்க்கட்சித் தலைவர். சம்பந்தர் கடல் கடந்து சென்றதில்லை என்றாலும், இராமேசுவரத்தில் இருந்தபடியே திருக்கோணமலை இறைவனைப் பாடினார் என்று பெரியபுராணம் கூறுவதை எண்ணினால், அவ்வூரில் இப்பெயர் வழங்குவது பொருத்தமாகவே தோன்றும். முன்னொட்டாக வரும் ஊர்ப்பெயரும் பிறப்பிடத்தை உறுதி செய்வதில்லை: இராம நாடகம் பாடிய சீர்காழி அருணாசலக் கவிராயர் (1711-1779) பிறந்தது தில்லையாடியில், பாடகர் சீர்காழி கோவிந்தராஜனோ (1933-1988) சீர்காழியிலேயே பிறந்தவர்.

நம்பிக்கை: பெயர் ஒற்றுமையால் வரும் குழப்பம் சீனர்களுக்கே உரியது.

உண்மை: வாங், லி, ஜாங், லியூ, சென் என்னும் ஐந்து குடும்பப் பெயர்களுக்குள் சீன மக்களில் சுமார் 30 விழுக்காட்டினர் அடங்குவதால் அங்கே இது மிகுதி என்பது மெய். பிரெஞ்சு ஓப்பனை 2011இலும் ஆஸ்திரேலிய ஓப்பனை 2014இலும் வென்ற டென்னிஸ் வீராங்கனையும், 2000 சிட்னி ஒலிம்பிக்கில் நீரில் பாயும் போட்டியில் தங்கம் வென்றவரும், புகழ்பெற்ற பாடகி ஒருவரும் லி நா என்ற ஒரே பெயரினர். இதனைச் சீன வரலாற்று எழுத்து மிகப் பழங்காலத்திலேயே எதிர்கொண்டிருக்கிறது. ஹான் பேரரசின் தொடக்கத்தில் ஹான் சின் என்ற பெயரில் இருவர் ஒரே மன்னரின் கீழ் இருந்தனர், இருவரும் கி.மு. 196இல் கொல்லப்பட்டனர். வரலாற்றாசிரியர் சீமா சியென் அவர்களுக்கு அடுத்தடுத்த இயல்களை ஒதுக்கி, ஒருவரை ஹுவாயின் என்னும் ஊரின் பிரபு என்றும் மற்றவரை ஹான் என்னும் சிற்றரசின் அரசர் சின் என்றும் பட்டத்தால் வேறுபடுத்தினார்.

தமிழில் அப்பணியைத் தலைப்பெழுத்தும் ஊர்ப்பெயரும் பட்டமும் செய்கின்றன. அவற்றை நீக்கிவிட்டால்தான் கேடு. கம்பன்: புதிய பார்வை என்ற நூலுக்காக 1985இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற அ.ச. ஞானசம்பந்தன் (1916-2002) வேறு. மதுரைப் பேராசிரியரும் நகைச்சுவைப் பேச்சாளருமான கு. ஞானசம்பந்தன் வேறு. முன்னவர் பெரியபுராணத்தையும் ஆராய்ந்தவர் ஆதலால், அவர் பெயர் நூலாசிரியராகவும் அவர் ஆராய்ந்த அடியாரின் பெயர் பொருளாகவும் ஒரே நூற்பட்டியலில் வந்து நிற்கும். அப்பட்டியலில் திருஞானசம்பந்தர், 7ஆம் நூற்றாண்டு, சீர்காழி; மறைஞான சம்பந்தர், 16ஆம் நூற்றாண்டு, சிதம்பரம்; குருஞானசம்பந்தர், 16ஆம் நூற்றாண்டு, தருமபுரம் என்று காலமும் இடமும் சேர்த்து எழுதுவது நூலகருக்கு ஒரு வரி கூடுதல் வேலைதான்.