சொக்கெட்டுக்கு ஒரு பஃபர்: வீட்டிலிருந்து புரோகிராம் எழுதுவோருக்குச் சில குறிப்புகள்

பேராதனைக்கும் கம்பளைக்கும் நடுவே, கெலிஓயாப் பக்கம் வீட்டு மேசையிலிருந்தே கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் புரோகிராம் எழுதுகிறவர்கள் வெட்டிவைத்துக்கொள்ள:

1. முதலில், பஃபர் கிளாஸைச் சொந்தமாக எழுதத்தான் வேண்டுமா என்று பாருங்கள். ஜாவாவில் பஃபர்ட்ரீடர், பைதனில் மேக்ஃபைல் கையிலேயே இருக்கின்றன. வரி வரியாக வாசிப்பதுதான் வேலை என்றால் அவையே போதும். ஆனால் பைதனின் மேக்ஃபைலுக்கும் டைம்அவுட்டுக்கும் ஒத்துவராது. டைம்அவுட் கட்டாயம் என்றால் சொந்தக் கிளாஸ்தான் நல்லது.

2. டிசிபி ஒரு தண்ணீர்க் குழாய். அந்தப் பக்கம் வாளி வாளியாக ஊற்றினாலும் இந்தப் பக்கம் வாளிக் கணக்கில் வராது. மூன்று தடவை அனுப்பியது ஒரே ரிசீவில் வந்து விழலாம். ஒரு தடவை அனுப்பியது மூன்று துண்டாகவும் வரலாம். ‘ஒரு ரிசீவ், ஒரு செய்தி’ என்று நம்பி எழுதிய கோட், ஒரே கணினிக்குள் சோதிக்கும்போது பெரும்பாலும் ஓடிவிடும். வெளியே போனதும் உடையும்.

3. பஃபரில் பைட்டுகளை மட்டும் வையுங்கள், எழுத்தை வைக்காதீர்கள். ‘கெலிஓயா’ நமக்கு நான்கு எழுத்து. யூடிஎஃப்-8இல் 21 பைட். ‘கெ’ ஒன்றுக்கே 6: ககரத்துக்கு 3, கொம்புக்கு 3. முதல் துண்டு 4 பைட்டோடு நின்றால் ககரம் முழுதாக வந்திருக்கும், கொம்பு மூன்றில் ஒரு பங்குதான் வந்திருக்கும். அதை அப்போதே டிகோட் செய்தால் பைதன் எர்ரர் கொடுத்து நின்றுவிடும். வேறு சில மொழிகள் சத்தமில்லாமல் கேள்விக்குறியைப் போட்டுவிட்டுப் போகும். இரண்டாவதுதான் மோசம். வரி முடிவைக் காட்டும் 10 என்ற பைட்டை பஃபரில் பயமில்லாமல் தேடலாம், ஏனென்றால் தமிழ் எழுத்தின் எல்லா பைட்டுகளும் 128க்குக் குறையாதவை. வரி முழுதாகச் சேர்ந்த பிறகு எழுத்தாக்குங்கள். ஆங்கிலத்தில் மட்டும் சோதிப்பவர் கண்ணில் இந்தப் பிழை படவே படாது.

4. ஒரு சொக்கெட்டை ஒரே பஃபர்தான் வாசிக்க வேண்டும். பஃபர் ஏற்கெனவே இழுத்துவைத்ததை, நேரடியாக ரிசீவ் போடுகிறவர் காணமாட்டார்.

5. பஃபரின் அளவு 8192 பைட் போதும். அதைவிட முக்கியம், ஒரு வரிக்கு உச்சவரம்பு. மின்னஞ்சல் விதியில் ஒரு வரி, முடிவுக் குறியோடு சேர்த்து 1000 பைட்டைத் தாண்டக்கூடாது. வரம்பே வைக்காவிட்டால், வரியை முடிக்காமல் அனுப்பிக்கொண்டே இருக்கும் ஒருவர் உங்கள் மெமரியை நிரப்பிவிடுவார்.

6. அனுப்பும் பக்கம்: செண்ட் கொடுத்ததையெல்லாம் அனுப்பும் என்று எண்ணாதீர்கள், எத்தனை பைட் போனது என்று பாருங்கள். துண்டு துண்டாக அனுப்பினால் ஜோன் நேகிள் 1984இல் எழுதிய வழிமுறை குறுக்கே நின்று தாமதமாக்கும். சேர்த்துவைத்து ஒரே தடவையில் ஃப்ளஷ் செய்யுங்கள்.

7. கரண்ட் போவதைக் கணக்கில் எடுங்கள். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ரவுட்டர் அணைந்தால் இணைப்பு முறைப்படி மூடப்படுவதில்லை. எதிர்ப் பக்கத்துச் சேர்வர், நீங்கள் இன்னும் இருக்கிறீர்கள் என்றே காத்திருக்கும். லினக்ஸில் கீப்அலைவ் போட்டிருந்தாலும் முதல் விசாரிப்பு 7200 செக்கன் கழித்துத்தான், அதாவது இரண்டு மணி நேரம். டைம்அவுட்டை உங்கள் கிளாஸிலேயே வையுங்கள்.

8. ரிசீவ் 0 பைட் தந்தால் எதிர்ப் பக்கம் அனுப்பி முடித்துவிட்டது. அப்போது பஃபரில் அரைவரி மிஞ்சியிருந்தால் அதை எர்ரராகவே கொடுங்கள்.

9. தடவைக்கு ஒரே ஒரு பைட் தரும் போலிச் சொக்கெட் ஒன்றை எழுதி, உங்கள் கிளாஸை அதன்மேல் ஓட்டிப்பாருங்கள். அந்தப் போலிச் சொக்கெட்டின் கோட் இருபது வரி கூட வராது.

10. இடையில் டிஎல்எஸ்ஸுக்கு மாறுகிறீர்களா? மாறும் நொடியில் பழைய பஃபரில் ஏதாவது கிடந்தால் இணைப்பை மூடிவிடுங்கள். இல்லாவிட்டால், மறைகுறியாக்கத்துக்கு முன் யாரோ நடுவில் நுழைத்த கட்டளை அங்கே கிடந்து, பிறகு பத்திரமான இணைப்பில் வந்ததுபோல ஓடிவிடும். போஸ்ட்ஃபிக்ஸ் மின்னஞ்சல் சேர்வரிலேயே இந்த ஓட்டை இருந்தது. அதை எழுதிய வீட்ஸே வெனெமா 2011இல் வெளிப்படையாகச் சொல்லித் திருத்தினார்.